ஆறாவது மெஷின்

பிப்ரவரி 6

மதிப்புக்குரிய எழுத்தாளர் சாருக்கு,

முன்பின் தெரியாத ஒரு பஸ் கண்டக்டரின் வணக்கம். இப்போதும் கண்டக்டர் என்று சொல்லிக்கொள்ளலாமா தெரியவில்லை. விசிலும் தோள்பையுமாக ஓடிக்கொண்டிருந்தவளைச் சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இந்தக் கடிதத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இடது கையில் ஊசி, அசைக்கக் கூடாது. தாளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் எழுத்து ஓடுகிற பஸ்ஸில் எழுதினது போல இருக்கும். எனக்கு அது பழக்கம்தான். படிக்கிற உங்களுக்குத்தான் கஷ்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வார இதழில் உங்கள் சித்தப்பா நகைச்சுவைக் கதைக்குக் கீழே கட்டம் கட்டி, 'விரைவில் சித்தப்பா விடைபெறுகிறார்' என்று போட்டிருக்கிறார்கள். யாரைக் கேட்டு விடைபெறுகிறார்?

எங்கள் அறையில் ஆறு நாற்காலி, ஒரே வரிசை. பஸ்ஸின் கடைசி சீட்டு மாதிரி எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம். எதிரே சுவர், சுவரில் கடிகாரம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நாலு மணி நேரம் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கிறுக்குப் பிடிக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பத்திரிகையை எடுத்து உங்கள் கதையைச் சத்தமாகப் படித்தேன். எத்தனை நெரிசலிலும் பின்படிக்கட்டு வரை கேட்கிற குரல் என்னுடையது. உங்கள் சித்தப்பா பல்பு மாற்ற ஏணி வாங்கி, அது மாடிப்படியில் திரும்பாமல், லிஃப்டில் நுழைத்து, லிஃப்டின் கதவு மூடாமல், கட்டடம் மொத்தமும் படியேறிச் சாகிற கதை.

நாங்கள் சிரித்தால் என்ன ஆகும் தெரியுமா சார்? உடம்பு குலுங்கும், கை அசையும். கை அசைந்தால் மெஷின் மணி அடித்து நின்றுவிடும். நர்ஸ் வந்து சரி பார்த்துப் பட்டனை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். அன்றைக்கு நாலு மெஷின் ஒன்றாக அடித்ததில் எங்கள் நர்ஸ் முகமெல்லாம் வெளுத்து ஓடி வந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சிஸ்டர். ஏணி லிஃப்டுல மாட்டிக்கிச்சு," என்றார் என் பக்கத்து நாற்காலித் தையல்காரர்.

"எந்த லிஃப்ட்? நம்ம லிஃப்டா?" என்று அவள் வாசல் பக்கம் ஓட, மறுபடியும் நாலும் அடித்தன.

அன்றிலிருந்து எங்களுக்கு மெஷின்தான் மதிப்பெண். ரெண்டு மெஷின் கதை, மூணு மெஷின் கதை என்றுதான் பேச்சு. துக்கம் விசாரிக்கப் போன சித்தப்பா வீடு மாறி நுழைந்து, யாரென்றே தெரியாதவருக்காக அழுத அழுகையில், அந்த வீட்டுக்காரர்களே அவரைத் தேற்றி உட்கார வைக்கிற கதை இருக்கிறதே, அது ஐந்து மெஷின். அதுதான் இன்றுவரை உச்சம்.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், சண்டையில் ஆரம்பித்துவிட்டேன். தொழில் புத்தி. அந்த நாலு மணி நேரத்தில் ஒரு அரை மணியை நீங்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறீர்கள். எங்கே போனது என்றே தெரிவதில்லை. அதற்கு ஆயிரம் நன்றி. சித்தப்பாவை அனுப்பாதீர்கள் சார்.

இப்படிக்கு,
ஜன்னலோர நாற்காலி


பிப்ரவரி 15

அன்புள்ள கண்டக்டர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்திரிகை அலுவலகத்தில் வேறு யாருக்கோ வந்ததென்று நினைத்து ஒரு வாரம் மேசையில் போட்டு வைத்திருந்தார்களாம். எனக்குக் கடிதம் வரும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நான் லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் புகார் மேசையில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை போன். 'லிஃப்ட் பாதியில நிக்குது', 'கதவு மூடல', 'உள்ள எங்க மாமியார் இருக்காங்க, அவசரமில்ல, நிதானமா வாங்க'. நன்றாக ஓடுகிற லிஃப்டுக்காக இதுவரை ஒருவரும் போன் செய்ததில்லை. அப்படி வளர்ந்தவனுக்குப் பாராட்டு வந்தால் எந்தக் கையால் வாங்குவது என்றே தெரியவில்லை. உங்கள் கடிதத்தை முதல்முறை படித்ததும் பழக்க தோஷத்தில் 'தொந்தரவுக்கு வருந்துகிறோம்' என்று வாய் முணுமுணுத்தது.

என் மனைவியிடம் காட்டினேன். அவள் இந்த நாள் வரை என் கதை ஒன்றையும் படித்ததில்லை. கேட்டால், "உங்களத்தான் தினமும் நேர்ல பாக்கறேனே, அது போதாதா?" என்பாள். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "யாருங்க இவங்க, இவ்வளவு நல்லவங்களா இருக்காங்க? உங்க கதையவா படிக்கறாங்க?" என்றாள்.

சித்தப்பா விஷயம். ஆசிரியர் போன மாதம் கூப்பிட்டு, "சார், இப்பல்லாம் யாரும் சிரிக்கறதுக்குக் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கறதில்ல. உங்க பக்கத்துக்கு ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரம் கேக்கறாங்க. நீங்களா முடிச்சுக்கிட்டா கௌரவமா இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கதையைப் படித்துத் தூங்குவதற்குப் பதில் நேரே மெத்தையிலேயே தூங்கலாம் என்று எனக்கும் தோன்றிவிட்டது. யாரோ ஒருவராவது சிரித்தார் என்று தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரியவில்லை. சும்மா வந்துவிட்டேன்.

நேற்று உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெத்தையை வேறு பக்கத்துக்கு மாற்றச் சொன்னார். இப்போதைக்கு விடைபெறுதல் தள்ளிப்போயிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பாராட்டு எனக்கு ஜீரணமாக நாளாகும். புகார் இருந்தால் சொல்லுங்கள். அதுதான் எனக்குப் புரிகிற பாஷை.

நன்றியுடன்,
புகார் மேசை


மார்ச் 1

அன்புள்ள எழுத்தாளர் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தையும் சத்தமாகவே படித்துவிட்டேன். மாமியாருக்கு மூன்று மெஷின் அடித்தது. சாரை அண்ணா ஆக்கிவிட்டேன், ஆட்சேபணை இருந்தால் உங்கள் மேசையிலேயே புகார் கொடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

உங்கள் கதைகளில் கடைசிப் பாராதான் வினை. சித்தப்பா ஏணியோடு மாட்டிக்கொண்டு நிற்கிறார், நாங்கள் மூச்சு முட்டச் சிரிக்கிறோம். அங்கேயே விட்டுவிட வேண்டாமா? 'நாமும் வாழ்க்கையில் இப்படித்தான் தேவையில்லாத ஏணிகளைச் சுமக்கிறோம்' என்று ஒரு பாரா. படிக்கும்போதே மெஷின் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். தையல்காரர், "முடிஞ்ச சட்டைக்கு எதுக்குங்க இன்னொரு ஒட்டு?" என்றார். நான் எங்கள் பாஷையில் சொல்கிறேன்: வண்டி நின்று, ஆள் எல்லாம் இறங்கிப் போன பிறகு நீங்கள் மட்டும் நின்று விசில் ஊதுகிறீர்கள். இப்போதெல்லாம் நான் அந்தப் பாராவைப் படிப்பதே இல்லை. யாருக்கும் அது இருந்ததாகவே தெரியாது.

இன்னொன்று. ஐந்து மெஷின்தான் உச்சம் என்று சொன்னேனே, ஆறாவது யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை. மூன்றாம் நாற்காலியில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா இருக்கிறார். வாழ்நாள் முழுக்க நிலத்தை அளந்தவர், வார்த்தையையும் அளந்துதான் பேசுவார். அவருடைய மெஷின் ஒரு முறைகூட அடித்ததில்லை. கதை பிடிக்கவில்லையா ஐயா என்று கேட்டால், "படிங்க, படிங்க" என்பார், அவ்வளவுதான். பாவம், குளிர் உடம்பு வேறு. நான் படிக்க ஆரம்பித்தால் அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு நடுக்கம் வரும். நர்ஸ் போர்வையைக் கொண்டுவந்து கழுத்து வரை போர்த்திவிடுவாள். அவரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. கல்லில் நார் உரிக்க முடியாது.

அன்புடன்,
ஜன்னலோர நாற்காலி


மார்ச் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசிப் பாரா பற்றி எழுதியிருந்தாய். முதல் நாள் எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பாராக்கள்தான் இலக்கியம், மேலே இருப்பதெல்லாம் அதற்காக நான் சகித்துக்கொள்கிற கோமாளித்தனம் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் பழைய இதழ்களை எடுத்துக் கடைசிப் பாராவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது. வெட்கம் வந்தது. அதுவும் போன பிறகு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். குட்டுப் பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப் பட வேண்டும் என்பார்கள். ஊசிக் கையால் பட்டதற்கும் அதே மரியாதைதான்.

இனிமேல் புத்திமதி கிடையாது. சித்தப்பா எங்கே விழுகிறாரோ அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு வாக்கும் தருகிறேன். நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வரை வாரம் தவறாமல் கதை வரும். மெத்தை வந்தாலும் சரி, கட்டில் வந்தாலும் சரி.

ஆனால் அந்த சர்வேயரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று மட்டும் சொல்லாதே. ஐந்து பேர் சிரித்தார்கள் என்பது எனக்கு உச்சி குளிரும் செய்திதான். ஆனால் ராத்திரி படுத்தால் அந்த ஐந்து பேர் நினைவுக்கு வருவதில்லை, அவர்தான் வருகிறார். பார்த்துக்கொண்டே இரு. அவர் மெஷினை அடிக்க வைக்காமல் விட மாட்டேன்.

அன்புடன்,
புகார் மேசை அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த வாரக் கதை பூஜ்யம்.

ஒரு மெஷின்கூட அடிக்கவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? சித்தப்பா நிலம் வாங்கி, அளக்கப் போய், நாடாவில் கால் சிக்கி, ஒரே பாராவில் மூன்று முறை விழுகிறார். முதல் முறை விழுந்தபோது தையல்காரர் லேசாகச் சிரித்தார். மூன்றாம் முறை, "ஐயோ, அடிபட்டிருக்குமே" என்றார். சர்வேயர் ஐயாவுக்கு இந்த முறை குளிரக்கூட இல்லை. "அளக்கற நாடா அவ்வளவு நீளம் கெடையாது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணா, அந்தக் கதையை எங்களுக்காக நீங்கள் எழுதவில்லை. அவர் ஒருவருக்காக எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் சில பேர் இருப்பார்கள், ஜன்னல் சீட்டில் இருக்கிற ஒருவர் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே சத்தமாகப் பேசுவார்கள். பஸ் முழுக்கத் தலைவலி வரும்.

அதற்கு முந்தின வாரக் கதை எப்படி இருந்தது, அதைச் சொல்லுங்கள்! குழாயைப் பழுதுபார்க்கிறேன் என்று திருகிப் பிடுங்கிவிட்டு, கட்டைவிரலால் அடைத்தபடி சித்தப்பா விடிய விடிய நிற்கிறார். பார்க்க வந்த மேலதிகாரிக்குக் குளியலறை வாசலிலேயே நாற்காலி போட்டுக் காபி கொடுக்கிறார்கள். அவர் கை நீட்ட, சித்தப்பா மரியாதைக்குக் கை கொடுக்கக் கட்டைவிரலை எடுத்துவிடுகிறார். அங்கேயே கதை முடிகிறது. அதற்கப்புறம் ஒரு வரி இல்லை. அண்ணா, ஐந்தும் அடித்து, சரிசெய்து, மறுபடி ஐந்தும் அடித்தன. நர்ஸ் அங்குமிங்கும் ஓடி அலுத்துப்போய், "நீங்க மொதல்ல அந்த மேலதிகாரிய வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள். அன்றைக்கு சர்வேயர் ஐயாவுக்கு ரெண்டு போர்வை போட வேண்டி வந்தது.

அந்தக் கட்டைவிரலை எடுத்த மனுஷன் எங்கே, நாடாவில் மூன்று முறை விழுந்த மனுஷன் எங்கே? முதலாமவரை அனுப்புங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 12

தங்கச்சி,

சரி.

(இரண்டு நாள் உர்ரென்று இருந்துவிட்டுத்தான் இந்தச் 'சரி' வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளவும்.)

குழாய்க் கதை வேறெங்கும் நடந்ததில்லை, என் வீட்டில் நடந்தது. விடிய விடிய நின்றவன் நான்தான். அதனால்தான் அது விழவில்லை, நின்றது. அது நிஜமாக நடந்தது என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று மனைவி கேட்கச் சொன்னாள். புகார் மேசையில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன், இவ்வளவு நல்ல புகார்கள் எனக்கு வந்ததே இல்லை. நீ சொன்னதற்கு நன்றி. சொன்ன விதத்துக்கும் சேர்த்து.

அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு நல்ல செய்தி, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு சங்கடம்.

என் தங்கையின் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறதாம். டாக்டர்கள் சரி சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் ஆப்பரேஷன். சின்ன வயதில் ஒரு ரிப்பன் கேட்டால் தராதவள் அண்ணா, இன்று உடம்பைத் திறந்து எடுத்துக்கொள் என்கிறாள். "நீ திருப்பித் தர மாட்டேன்னு தெரியும், வச்சுக்க" என்றாள். நான் அழுதேன், அவள் திட்டினாள். எங்கள் வீட்டில் எல்லா நல்ல காரியமும் அப்படித்தான் நடக்கும்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பேனா என்று மனதுக்குள் ஓடுகிறது. எழுந்தால் அந்தச் சுவர்க் கடிகாரத்தை இனிமேல் பார்க்க வேண்டாம் என்று நினைத்தால் நெஞ்சு பறக்கிறது. தண்ணீர், அண்ணா! ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கலாம். இப்போது அளந்து அளந்து தொண்டையை நனைத்துக்கொள்கிறேன்.

இனி சங்கடம். நான் அந்த நாற்காலியில் இருக்கும் வரை கதை எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள். நான் எழுந்துகொள்ளப் போகிறேன். வாக்கு அங்கே முடிகிறது. உங்களைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. தையல்காரர்தான், "நீங்க போயிட்டா சித்தப்பாவும் போயிடுவாரா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை


ஜூன் 28

அன்புத் தங்கச்சிக்கு,

உன் செய்தியை மனைவிக்குப் படித்துக் காட்டும்போது என் குரல் உடைந்துவிட்டது. "அழாம படிங்க, எனக்குப் புரியல" என்றாள் அவளும் அழுதுகொண்டே. நீ எழுந்துகொள்வாய். வண்டியை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீ?

கதை விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன். உன் கண் என் கதையின் மேல் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இத்தனை வாரம் எழுதினேன். நீ படிக்காத அறைக்கு நான் எழுதினால் பழையபடி சுவருக்குச் சொல்கிறவனாகிவிடுவேன். ஆசிரியர் கேட்டதற்கு, அடுத்த மாதத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மெத்தைக் கம்பெனி இன்னும் காத்திருக்கிறதாம். வருத்தப்படாதே. நீ குடிக்கப் போகிற அந்தச் சொம்புத் தண்ணீருக்கு முன்னால் சித்தப்பா எந்த மூலைக்கு?

அண்ணன்


ஜூலை 23

அண்ணா,

எழுந்துவிட்டேன்! தங்கையும் நன்றாக இருக்கிறாள், பக்கத்து அறையிலிருந்து அதிகாரம் செய்கிறாள். தண்ணீர் குடித்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, நீங்கள் எழுத்தாளர், யோசித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பலமாக இருமக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தையல் ஆறும் வரை வயிறு குலுங்கச் சிரிக்கவும் கூடாது. உங்கள் பத்திரிகையைத் தங்கை பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உங்களுக்கு இதைவிடப் பெரிய விருது யாரும் தர முடியாது. எனக்குக் கடிதம் எழுதினால் தயவுசெய்து வேடிக்கையாக எதுவும் எழுதாதீர்கள். இது விளையாட்டில்லை, வலிக்கிறது.

அங்கே இப்போது யாரும் படிப்பதில்லையாம். நர்ஸ் வந்து பார்த்தபோது சொன்னாள். பத்திரிகை வந்து மேசையில் கிடக்கிறதாம், எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். என் நாற்காலிக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாளாம். சும்மா செய்திக்காகச் சொன்னேன்.

தங்கை


ஆகஸ்ட் 2

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை எதுவும் கிடையாது. டாக்டருக்குப் பயப்படாமல் படிக்கலாம். நடந்ததை நடந்தபடி, புகார்ப் பதிவேட்டில் எழுதுகிற மாதிரி எழுதுகிறேன்.

'சும்மா செய்திக்காகச் சொன்னேன்' என்று எழுதியிருந்தாய். அந்தச் சும்மா என்னைத் தூங்க விடவில்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கடைசிக் கதையை எடுத்துக்கொண்டு உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவியும் வந்தாள். "நீங்க தனியாப் போனா வாசல்லயே திரும்பி வந்துடுவீங்க" என்றாள். வாஸ்தவம்தான், வாசலில் இரண்டு முறை திரும்பினேன்.

நர்ஸிடம் யாரென்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதானா அது? என் காலப் பாருங்க, உங்களாலதான் இப்படி வீங்கிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, ஆறு நாற்காலிக்கும் எதிரே, கடிகாரத்துக்குக் கீழே எனக்கு ஒரு முக்காலி போட்டாள்.

உன் நாற்காலியில் ஒரு சின்னப் பெண். கல்லூரியை நடுவில் விட்டுவிட்டு வந்தவளாம். ஊசி குத்திய கையைப் பார்க்கப் பயந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது தங்கச்சி. 'உங்கள் புகாரைத் திரும்பப் படிக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளவும்' என்று போனில் சொல்கிற அதே குரல்தான் வந்தது. முதல் பக்கம் முடிந்தது. ஒரு மெஷினும் அடிக்கவில்லை. உள்ளங்கை வேர்த்துத் தாள் ஒட்டிக்கொண்டது. மூலையில் மனைவி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாம் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அப்போது எனக்குத் தெரிந்தது. நீங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள். எதிரே உட்கார்ந்தவன் நான்தான்.

மூன்றாம் நாற்காலியில் சர்வேயர் ஐயா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து போர்வை நனைந்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"ஐயா, ரொம்பக் குளிருதா? சிஸ்டரக் கூப்பிடட்டுமா?"

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பேசினால் வெடித்துவிடுவார் போலிருந்தது. நர்ஸ் ஓடி வந்து போர்வையை விலக்கினாள். உள்ளே அவருடைய வலது கை, இடது கையின் மணிக்கட்டை நாற்காலியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலெல்லாம் வெளுத்திருந்தது.

"என்னய்யா இது? எதுக்கு இப்படிப் புடிச்சிருக்கீங்க?"

"விட்டா அடிச்சிடும்மா."

"எது?"

"மெஷின்தான். அஞ்சும் அடிச்சா நீ அஞ்சு எடத்துக்கு ஓடற. கால் வீங்கிக் கெடக்குன்னு உனக்கு நீயே சொல்லிக்கிட்டுப் போவ, காதுல விழும். நான் ஒருத்தனாவது அடக்கிக்கலாம்னுதான்." மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தக் குழாய்க் கதை அன்னிக்குத்தான் செத்துப் பொழச்சேன். கண்டக்டரம்மா ஒவ்வொரு தடவையும் பிடிச்சுதா பிடிச்சுதான்னு கேக்கும். வாயத் தொறந்தா போச்சு. அதான் படிங்க படிங்கன்னுடுவேன்."

 நர்ஸ் அவருடைய வலது கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். "ஐயா, நான் ஓடறதுக்குத்தான் இங்க இருக்கேன். போர்வ போட்டுப் போட்டுத் தொவைக்கறத விட ஓடறது மேல். நீங்க சிரிங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க? படிங்க!" என்றாள்.

படித்தேன். விட்ட இடம் தெரியாமல் அந்தப் பக்கத்தையே மறுபடி படித்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. முதலில் அடித்தது மூன்றாம் நாற்காலி. அடக்கி வைத்த இத்தனை மாதச் சிரிப்பும் மொத்தமாக வந்தது. அதைக் கேட்டு மற்றவர்கள், அவர்களைக் கேட்டுத் தையல்காரர். கடைசியாக ஜன்னல் பக்கம் ஒரு மணி கேட்டது. அந்தச் சின்னப் பெண் தன் மெஷின் கெட்டுவிட்டதோ என்று திடுக்கிட்டுப் போய், எல்லோருடையதும் அடிப்பதைக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறும் அடித்தன. மூலையிலிருந்து மனைவியின் சிரிப்பும் கேட்டது. அதற்கு மெஷின் இல்லை, நானே குறித்துக்கொண்டேன். வெளியே வந்ததும், "சித்தப்பா சித்தப்பான்னு ஊரையே ஏமாத்தறீங்க, அது நீங்கதானே?" என்றாள்.

கிளம்பும்போது அந்தப் பெண், "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டாள். வருகிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். மெத்தைக்கு இனி வேறு வீடுதான் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். சத்தம் வந்தால்தான் சிரிப்பு என்று நினைத்திருந்தேன். சத்தம் வராத இடத்தில் யாருமே இல்லை என்று நினைத்துக் கடையைக் கட்டப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் எங்கெங்கே கையை அமுக்கிக்கொண்டு சிரித்தார்களோ, எனக்குத் தெரியாது. நீ ஒருத்தி எழுதினாய். எழுதியிருக்காவிட்டால் இன்று சித்தப்பா இல்லை, நானும் பாதி இல்லை. நன்றி என்பது சின்ன வார்த்தை தங்கச்சி. ஆனாலும் வாழ்க்கையில் நாம் ஒருவருக்கொருவர் கொடுக்க முடிந்தது அதுதானே?

என்றும் உன்,
அண்ணன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேடிக்கை கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டு இப்படியா எழுதுவீர்கள்? முதலில் தங்கைதான் எடுத்துப் படித்தாள். அவளுக்கும் தையல் இருக்கிறது. ரெண்டு பேரும் வயிற்றில் தலையணையை அமுக்கிக்கொண்டு சர்வேயர் ஐயா மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

நர்ஸிடம் சொல்லி அவருக்கு என் வணக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். குளிர் உடம்பு என்று சொன்னதற்கு மன்னிப்பும்.

கடிதம் மிகவும் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு புகார். கடைசிப் பாரா. மறுபடியும் விசில் ஊதிவிட்டீர்கள். தங்கையிடம் கத்தரிக்கோல் வாங்கி அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன்.

மிச்சக் கடிதத்தை அந்தச் சின்னப் பெண்ணுக்கு அனுப்பி வைக்கிறேன், வரிசையில் எல்லோருக்கும் சத்தமாகப் படிக்கட்டும். வெட்டியது என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன்.

உங்கள் தங்கை
(இப்போது நாற்காலி இல்லை)